பேச்சாளர் – 1 எண்

ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளின் குடும்ப தின விழாவில் ஊக்கப் பேச்சாளர் எதற்கு என்று என்னைக் கேட்டால், பிரியாணி தம் உடைக்கும் வரை கூட்டத்தைப் பிடித்து வைக்க என்பேன். பதினொன்றரைக்கு எம்.டி. பேசி முடிப்பார். பன்னிரண்டேகாலுக்குள் கோலப் போட்டி, மியூசிக்கல் சேர் பரிசுகளெல்லாம் தீர்ந்துவிடும். பிரியாணி மாஸ்டர் ஒரு மணி என்று சத்தியம் செய்தால் அது ஒன்றே முக்கால். நடுவில் கிடக்கும் அந்தப் பொழுதை நிரப்ப ஒரு மனிதர் வேண்டும். அவர் நம்மை முன்னேற்றுகிறாரா இல்லையா என்பது அவர் பாடு. கூட்டம் எழுந்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது, அதுதான் முக்கியம்.

நான் சொல்லப்போகும் விழாவுக்கு முந்தைய விழாவில் பேச வந்தவர் எங்கள் எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு, 'நான் ஒரு கழுகு' என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். நைட் ஷிப்ட் முடித்து நேராக விழாவுக்கு வந்தவர்கள் கண்ணை மூடியதோடு சரி. அவர் பறக்கச் சொன்னபோது முன்வரிசையில் நான்கு கழுகுகள் குறட்டை விட்டன.

நாங்கள் பெரிய கம்பெனி இல்லை. பெரிய கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி. 1980 வாக்கில் இங்கே டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்டு லாரியும் வந்தன. பின்னாலேயே டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து டைட்டன் கடிகாரத்தைக் கொண்டுவந்தன. அந்த வரிசையின் கடைசியில், அவர்களுடைய பிராக்கெட்டையும் கிளாம்ப்பையும் அடித்துத் தர முளைத்த நூற்றுக்கணக்கான பிரஸ் ஷாப்புகளில் ஒன்று எங்களுடையது. சூளகிரி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, பர்கூர் ஆட்கள் நிரந்தரத்தில் இருப்பார்கள். அதைவிட அதிகமான பேர் கான்ட்ராக்டில். அவர்களில் பாதி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். ஆனேக்கல்லிலிருந்து தினமும் அத்திப்பள்ளியைத் தாண்டி வருபவர்களும் உண்டு. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், சம்பளச் சண்டைக்குத் தமிழ், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரைத் திட்ட இந்தி என்று ஒரே ஆள் நான்கு மொழியில் பிழைக்கிற ஊர் இது.

இந்த ஊரில் எங்கள் எம்.டி.க்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். பெங்களூரில் இருக்கும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பிரசங்கியார், ஏதோ ஒரு தொழிற்சாலையில் பேசுகிறார். வெல்டர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். வெல்டர் அழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பது எம்.டி.க்குத் தோன்றவில்லை. "இவரைக் கூப்பிடுங்க" என்று விழாக் கமிட்டிக்கு உத்தரவு வந்தது. கமிட்டியில் நானும் இருந்தேன். நோட்டீஸ் போர்டில் பிழையில்லாமல் தமிழ் எழுதுபவன் என்ற ஒரே தகுதிதான்.

எச்.ஆர். மேனேஜர் முதலிலேயே கையைத் தூக்கிவிட்டார். "கம்பெனி செக்யுலர். மதம் உள்ளே வரக் கூடாது." அவர் இதைச் சொன்ன மீட்டிங் ரூமின் கண்ணாடி வழியாக இருநூற்றைம்பது டன் பிரஸ் தெரிந்தது. அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியவில்லை. அன்றைக்கு கேட்டில் பூசணிக்காய் உடைத்தது யார் தெரியுமா? எலத்தகிரியிலிருந்து வரும் எங்கள் டை செட்டிங் சூப்பர்வைசர். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள் வாழும் ஊர் எலத்தகிரி. ஒரே போடில் பூசணியைச் சிதறடிக்கும் கை கம்பெனியில் அவருக்கு மட்டும்தான் இருக்கிறது என்பதால், வருடா வருடம் திருஷ்டி கழிப்பது அவர் பொறுப்பு. எங்கள் செக்யுலரிசம் அந்த லட்சணத்தில், ரொம்ப நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

சங்கச் செயலாளர் சட்டம் பேசினார். "மதமாற்றத் தடைச் சட்டம்னு ஒண்ணு இருக்குதுல்ல?" இருந்தது. 2002-ல் ஜெயலலிதா கொண்டுவந்தார், 2004 தேர்தலில் தோற்றதும் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அதைச் சொன்னதும் செயலாளர் கொஞ்சம் ஏமாந்த மாதிரி தெரிந்தது.

நாங்கள் பெரிதும் நம்பியிருந்தது எலத்தகிரிக்காரரை. கிறிஸ்தவப் பேச்சாளருக்கு ஒரு கிறிஸ்தவராவது ஆதரவாகப் பேச மாட்டாரா? அவர்தான் எல்லோரையும்விடக் கடுமையாக எதிர்த்தார். "சார், அவங்க வேற, நாங்க வேற. நாங்க ஆர்.சி. அவங்க பெந்தெகொஸ்தே. உங்களையாவது அவரு விட்டுருவாரு, முதல்ல என்னைத்தான் மாத்தப் பார்ப்பாரு." எச்.ஆர். மேனேஜர் குழம்பிப் போய், "அவரு ஃபாதரா, பாஸ்டரா?" என்றார். "பிரதர்" என்றேன். "யாருக்கு?" என்றார்.

மத வாடை இல்லாத ஊக்கப் பேச்சு வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டது எனக்கு இஞ்சி இல்லாத இஞ்சி டீ கேட்பது போல இருந்தது. இந்தத் தொழிலே கோயில் பிரகாரத்தில் பிறந்தது; அதாவது கிறிஸ்தவர்களின் கோயில். டேல் கார்னகி 1912-ல் நியூயார்க்கில் பேச்சுக்கலை வகுப்பு ஆரம்பித்தது கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வில். எங்கள் குவாலிட்டி மேனேஜர் டை கட்டிக்கொண்டு போகிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பும் 1924-ல் கலிஃபோர்னியாவில் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.வில்தான் முளைத்தது. 1952-ல் 'பாசிட்டிவ் திங்கிங்' என்ற சரக்கை உலகமெல்லாம் விற்ற நார்மன் வின்சென்ட் பீல், ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்த சபைப் போதகர்.

அமெரிக்காவை விடுங்கள். நாம் மைக்கைப் பிடித்துத் தமிழில் மேடையேறுகிறோமே, அதன் கதை என்ன? யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிளைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். அவரே 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். பாதிரிமார்கள் வாரந்தோறும் மேடை போட்டுப் பேசுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், அதே ஆயுதத்தை எடுத்து அவர்கள் மேலேயே திருப்பினார். எங்கள் சங்கச் செயலாளர் மே தினத்தன்று ராம் நகரில் முழங்குகிறாரே, அந்த முழக்கத்துக்கும் கொஞ்சம் தூரத்து உறவு அங்கே உண்டு. இதையெல்லாம் கமிட்டியில் சொன்னேன். மினிட்ஸ் எழுதியவர், 'சிற்றுண்டி வழங்கப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தார்.

எம்.டி. சொல்லிவிட்டார் என்பதால் விஷயம் பர்சேஸுக்குப் போனது. போல்ட், கட்டிங் ஆயில், கேன்டீன் துவரம்பருப்பு எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே படிவம்தான். 'பொருளின் விவரம்' கட்டத்தில் 'ஊக்கப் பேச்சாளர்' என்றும் 'அளவு' கட்டத்தில் '1 எண்' என்றும் எழுதி அனுப்பினேன். உடனே திரும்பி வந்தது. பர்சேஸ் மேனேஜர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: மூன்று கொட்டேஷன் எங்கே? டெலிவரி தேதி என்ன? ரிஜெக்ட் ஆனால் சப்ளையர் தன் செலவில் திருப்பி எடுத்துக்கொள்வாரா?

கொட்டேஷனுக்கு அலைந்தேன். கோரமங்களாவிலிருந்து ஒரு கார்ப்பரேட் டிரெய்னர் அனுப்பிய தொகையில் எங்கள் கேன்டீனை ஒரு மாதம் தாராளமாக நடத்தலாம்; ஏ.சி. ஹால், காலர் மைக், அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாத பாதாம் பால் தனி. இன்னொருவர் காவி கட்டிய யோகா குரு. அவர் மதமே பேச மாட்டார் என்று அவருடைய சீடர் உறுதி கொடுத்தார். ஓங்காரம் மட்டும் முப்பது நிமிஷம். மூன்றாவது நம் பிரதர். ஃபோனில் ரேட் கேட்டதற்கு, "ஃபீஸ்னு எதுவும் வாங்கறது இல்லீங்க பிரதர். உங்க இருதயத்துல என்ன ஏவப்படுதோ அதைக் கொடுங்க" என்றார். உலகத்திலேயே விலை நிர்ணயிக்க முடியாத கொட்டேஷன் அதுதான். பர்சேஸ் மேனேஜரிடம் சொன்னேன். "என் இருதயத்துல ஒண்ணும் ஏவப்படலை. எம்.ஆர்.பி. என்னன்னு கேளு" என்றார்.

அக்கவுண்ட்ஸில் அடுத்த சிக்கல். காணிக்கை என்று வவுச்சர் போட முடியாது. கட்டணம் என்றால் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். இதை அந்த நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரித்தார். "பத்துல ஒண்ணு எடுத்து வைக்கிறது எங்களுக்குப் பழக்கம்தான் பிரதர். இதுவரைக்கும் ஆண்டவருக்கு, இப்ப இன்கம் டாக்ஸுக்கு." எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. கடைசியில் போக்குவரத்துச் செலவோடு ஒரு தொகையை அவரே சொன்னார். ஒப்பீட்டுப் பட்டியலில் எல்-1 ஆக வந்தார். அவர் எங்கள் கம்பெனிக்கு வந்தது தேவ சித்தத்தால் என்று அவர் நினைத்திருக்கலாம். மிகக் குறைந்த விலைப்புள்ளியால் வந்தார் என்பதே ஆவணப்படி உண்மை.

தேதி வைப்பதிலும் ஒரு முடிச்சு. எங்கள் சிப்காட் தொழிற்பேட்டைக்கு லீவு ஞாயிறு; அவருக்கு வேலை நாளே ஞாயிறு. மீதி இருப்பவை அரசு கட்டாய விடுமுறைகள். மே 1 சங்கத்துக்குச் சொந்தம். ஆகஸ்ட் 15 மழை. அக்டோபர் 2 ஆயுத பூஜையை ஒட்டி வந்தால் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். ஜனவரி 26 என்று முடிவாயிற்று.

எச்.ஆர். மேனேஜர் நிபந்தனைப் பட்டியல் தயாரித்தார். இயேசு என்ற பெயர் வரக் கூடாது. அல்லேலூயா கூடாது. யாரையும் கையை உயர்த்தச் சொல்லக் கூடாது. யார் தலையிலும் கை வைக்கக் கூடாது. பாட்டுக் கூடாது, கிட்டார் கேட்டிலேயே நிறுத்தப்படும். பிரதர் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "கதை சொல்லலாமா சார்?" எச்.ஆர். மேனேஜர் பெருந்தன்மையாகச் சொன்னார்: "கதைதானே, தாராளமா."

விழா நாளன்று பிரதர் மெட்ரோவில் வந்தார். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திராவோடு நின்றுவிடுவதால், அங்கிருந்து எங்கள் கம்பெனி வேன் கூட்டி வந்தது. கூடவே ஒரு மெலிந்த இளைஞர். "இவர் யாரு? பி.ஓ.வில ஒரு எண்தானே போட்டிருக்கு?" என்று பர்சேஸ் மேனேஜர் என் காதில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர். இந்திக்காரர்கள் அதிகம் என்று நான் ஃபோனில் சொல்லியிருந்ததால், ஆளோடு வந்திருக்கிறார்; தனிக் கட்டணம் கிடையாது.

கிறிஸ்தவக் கூட்டங்களின் மொழிபெயர்ப்பைப் பார்த்திருக்கிறீர்களா? நம் தமிழ்ச் சமூகத்தில் அதற்கு இணையான நிகழ்த்துகலை குறைவு. பேச்சாளர் கையை வீசினால் இவரும் வீச வேண்டும். அவர் தழுதழுத்தால் இவர் தொண்டையும் அடைக்க வேண்டும். அவர் இடது பக்கம் நடந்தால் இவரும் ஒன்றரை விநாடி கழித்து இடது பக்கம் நடப்பார். அந்த இளைஞர் அதில் சூரர். பிரதர் தமிழில் இடியென முழங்க, எதிரொலி இந்தியில் திரும்பி வந்தது. பந்தலில் தமிழர்கள் இடது பக்கமும் வடக்கத்தியர்கள் வலது பக்கமும் உட்கார்ந்திருந்ததால், சிரிப்பும் இரண்டு தவணையில் வந்தது. "நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்குக் காசு கொடுத்தோம், பாதிதான் வருது" என்று பர்சேஸ் மேனேஜர் கணக்குப் போட்டார். பிரியாணிக்கு வேண்டிய நேரம் கிடைக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

"ஒருத்தர் சொன்ன கதை இது. யாருன்னு கேட்காதீங்க. கேட்டா எச்.ஆர். சார் கோவிச்சுக்குவார்" என்று ஆரம்பித்தார் பிரதர். பந்தல் சிரித்தது. எச்.ஆர். மேனேஜரும் பெரிய மனதோடு சிரித்தார்.

முதல் கதை, நூறு ஆடு வைத்திருந்த மேய்ப்பர். ஒன்று காணாமல் போகிறது. தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறார். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு இது அறவே பிடிக்கவில்லை. தொண்ணூற்றொன்பதையும் யார் பார்த்துக்கொள்வது, லைன் நின்றுபோகாதா என்று முணுமுணுத்தார். குவாலிட்டி மேனேஜரோ இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். நூற்றுக்கு ஒன்று பழுது என்றால் பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம், பத்தாயிரம் பி.பி.எம்.! எங்கள் வாடிக்கையாளர்கள் ஐம்பது பி.பி.எம்.முக்கே காரை அனுப்பி எங்களைத் தூக்கிப் போய்த் திட்டுவார்கள். "இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஒரு ஆளுக்கு ஒரு பீஸோட அருமை தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று அவர் நெகிழ்ந்துபோனார். கூட்டத்தில் அன்றைக்கு மனம் மாறியவர் என்றால் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது தாலந்து கதை. முதலாளி வெளியூர் போகுமுன் மூன்று வேலைக்காரர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுக்கிறார். முதல் இருவரும் இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் குழி தோண்டிப் புதைத்து வைத்து அப்படியே திருப்பித் தருகிறான், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். ஒரு தாலந்து என்பது ஒரு கூலியாளின் ஏறக்குறைய இருபது வருடச் சம்பளம் என்று பிரதர் சொன்னார். அவ்வளவு பணத்தை வட்டியில்லாமல் மண்ணில் போட்டவனை நினைத்து எங்கள் எம்.டி. வேதனையோடு தலையை ஆட்டினார். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. எச்.ஆர். மேனேஜர் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலைக் காட்டினார்.

தம் இன்னும் உடையவில்லை. பிரதர் மூன்றாவதை எடுத்தார்.

"தளி ரோட்டுல ஒரு ரோஜாத் தோட்டம்னு வெச்சுக்கோங்க. காதலர் தினம் வருது, அவசர ஆர்டர். முதலாளி விடிகாலையில பஸ் ஸ்டாண்டுகிட்ட வர்றாரு. நிக்கிற ஆளுங்ககிட்ட ஒரு நாள் கூலி பேசி ஏத்திக்கிட்டுப் போறாரு." மூலக் கதையில் அது திராட்சைத் தோட்டம் என்று எலத்தகிரிக்காரர் எனக்குத் திருத்தம் சொன்னார். முதலாளி ஒன்பது மணிக்கு மறுபடி வருகிறார், பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கு. அப்போதும் சிலர் வேலை கிடைக்காமல் நிற்கிறார்கள். அவர்களையும் கூட்டிப் போகிறார். ஆறு மணிக்குச் சம்பளம். ஐந்து மணிக்கு வந்தவனுக்கு முழு நாள் கூலி. விடிகாலையில் வந்தவனுக்கும் அதே முழு நாள் கூலி.

இடது பக்கம் சத்தமில்லை. நிரந்தரத் தொழிலாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருட சீனியாரிட்டி உள்ள எங்கள் சங்கச் செயலாளர், "காலையிலேர்ந்து வெயில்ல நின்னவனுக்கும் அதேவா? இதென்ன நியாயம்?" என்று வாய்விட்டே கேட்டார். கதையில் காலையில் வந்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள் என்று பிரதர் சொன்னதும், செயலாளர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். எச்.ஆர். மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கோ இடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே என்று புரிவதற்கு ஒன்றரை விநாடி தேவைப்பட்டது.

அந்த ஒன்றரை விநாடியில் இளைஞர் இந்தியில் சொல்லி முடித்தார்.

வலது பக்கம் மொத்தமும் கான்ட்ராக்ட். ஒரே பிரஸ், ஒரே ஷிப்ட், ஒரே பிராக்கெட். சம்பளச் சீட்டு மட்டும் வேறு. அங்கிருந்து எழுந்த கைதட்டலில் பிரியாணி மாஸ்டர் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தார். விசில் அடித்தார்கள். ஒடிசாப் பையன் ஒருவன் நாற்காலி மேல் ஏறிவிட்டான். யாரும் சொல்லாமலேயே எல்லாக் கைகளும் மேலே உயர்ந்தன. நிபந்தனை மூன்றின்படி பேச்சாளர்தான் உயர்த்தச் சொல்லக் கூடாது, அவர் சொல்லவில்லை. இடது பக்கத்தில் நம்மூர்க் கான்ட்ராக்ட் பெண்கள் கொஞ்சம் தயங்கி, பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள், பிறகு அவர்களும் தட்டினார்கள்.

எம்.டி. எச்.ஆர். மேனேஜரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் பிரியாணி அண்டாவைப் பார்த்தேன்.

பேச்சு அருமையாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெயரைத் தடுத்தோம், பாட்டைத் தடுத்தோம், கிட்டாரைக் கேட்டில் நிறுத்தினோம். சம்பளப் பட்டுவாடா கதையாக வேடமிட்டு உள்ளே வரும் என்று கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த 'ஒருத்தர்' கதை சொன்னதெல்லாம் கூலியாட்களிடமும் மேய்ப்பர்களிடமும் மீனவர்களிடமும்தானே. ஆட்டுக் கணக்கும் கூலிக் கணக்கும் கடன் கணக்குமாகத்தான் அவருடைய பேச்சு இருந்திருக்கும்.

சாப்பாட்டுப் பந்தியில் கான்ட்ராக்ட் பையன்கள் பிரதரைச் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுத்தார்கள். ஒருவன் தட்டோடு எச்.ஆர். மேனேஜரிடம் வந்து, ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறதாமே என்று இந்தியில் கேட்டான். அவன் சொன்னது 2016 பஞ்சாப் வழக்கை. அது அரசாங்கத் தற்காலிக ஊழியர்களுக்கானது, நமக்குப் பொருந்தாது என்று அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அன்றைக்கு அவர் பேசியதிலேயே மொழிபெயர்ப்பு தேவைப்படாமல் போய்ச் சேர்ந்த வாக்கியம் அதுதான். எலத்தகிரிக்காரர் பிரதருக்கு இரண்டாவது தரம் பீஸ் வைத்துப் பரிமாறினார். "கதையெல்லாம் எங்க ஃபாதர் சொல்றதுதான். ஆனா இவரு நல்லா சொல்றாரு" என்று ஒப்புக்கொண்டார், குரலைத் தாழ்த்தி.

மறுநாள் பில் வந்தது. பணம் பட்டுவாடா ஆக, பொருள் சரியாக வந்தது என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டும். எச்.ஆர். மறுத்துவிட்டார். ரிஜெக்ட் போடவும் வழியில்லை. ஐந்து நிபந்தனையில் ஒன்றைக்கூட சப்ளையர் மீறவில்லை. கடைசியில் குவாலிட்டி மேனேஜர்தான் வழி சொன்னார். டிராயிங்கில் சொன்னபடி வராமல், ஆனால் திருப்பி அனுப்பவும் முடியாமல் நிற்கிற சரக்குக்கு எங்களிடம் ஒரு முத்திரை உண்டு: 'டீவியேஷனில் ஏற்கப்பட்டது.' அதைக் குத்தினார்கள். பிரதரின் பணம், பத்து சதவீதம் போக, அந்த வாரமே போய்ச் சேர்ந்தது.

அந்தப் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: 'மீண்டும் நிகழாமல் தடுக்க எடுத்த நடவடிக்கை.' எச்.ஆர். மேனேஜர் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்: 'அடுத்த ஆண்டு மேஜிக் ஷோ.'